யாரு பேடி?

ஸ்கேன் எடுக்கறதுன்னா மெஷினைப் பார்த்துக்கிற வேலைன்னு ஊர் நினைக்குது. பயத்தைப் பார்த்துக்கிற வேலைங்க அது. மலையாளத்து எல்லைக்குள்ள, முதலமடைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷமா அதைத்தான் செய்யறேன். நேத்து வந்தவள் நல்ல பேர் வாங்கறதைப் பார்த்து வயிறெரிஞ்சவங்க நீங்களும் இருப்பீங்க. கொஞ்சம் கிட்ட வாங்க.

எனக்கு வாய்ச்சவள் ஷைனி. மலையாளத்துப் பொண்ணு, வந்து எட்டு மாசம். புது மெஷின் வரப்போகுது. மயக்க ஊசி போடாமல் இந்த மாசம் யார் அதிகம் பேரை எடுத்து முடிக்கிறாங்களோ அவங்கதான் அதுக்கு இன்சார்ஜ்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குத்தான்னு வீட்டில் சொல்லியும் வெச்சுட்டேன்.

தலைக்குள்ள பருப்பு

மாந்தோப்புக்காரர் ஒருத்தர் வந்தார். பொள்ளாச்சியிலிருந்து வந்து இங்கே தோப்பு வாங்கினவர், மலையாளம் அரைகுறை. நல்ல ஆகிருதி. ஆனால் மெஷின் குழாயைப் பார்த்ததும் வேர்த்துக் கொட்டிருச்சு.

டாக்டர் பொறுமையாச் சொன்னார்: மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் பாதாம் பருப்பாட்டம் ஒண்ணு இருக்கு, அமிக்டலான்னு பேரு. கிடக்கறது பாம்பா கயிறான்னு புத்தி யோசிக்கறதுக்குள்ள அது மணியடிச்சுக் காலைத் தூக்க வெச்சிரும். இங்கே பாம்பு இல்லை, மணிதான் அடிக்குதுன்னார். தோப்புக்காரர் தலையைத் தடவிக்கிட்டார். "எனக்கு அந்தப் பருப்பு கொஞ்சம் பெருசாட்ட இருக்குதுங்க, ஊசியே போட்டுருங்க."

ஒரு மலையாள வார்த்தை

ஊசிக்கு முன்னால் ஒரு தடவை பார்க்கலாம்னு முதலில் நான் படுக்க வெச்சேன். ரெண்டே நிமிஷத்தில் அலறிட்டு வெளியே வந்துட்டார். அடுத்து ஷைனி போய், சிரிச்ச முகத்தோடு "பேடி உண்டோ?"ன்னு கேட்டாள்.

மலையாளத்தில் பேடின்னா பயம். நம்ம பக்கம் ஒரு ஆம்பிளையைப் பார்த்து அதைச் சொன்னால் அடிதடிதான். மனுஷன் எகிறிட்டார். அர்த்தம் சொல்லி நான் சமாதானம் பண்ணியிருக்கலாம். பண்ணலையே! நல்லா வாங்கிக் கட்டிக்கட்டும்னு கம்முனு நின்னேன். அவரோ அந்த ரோஷத்திலேயே போய்ப் படுத்து, அரைமணி நேரம் அசையாமல் கிடந்து, இறங்கி வந்து மீசையைத் தடவினார். "இப்பச் சொல்லு புள்ளே, யாரு பேடி?"

ஊசியில்லாமல் முடிஞ்சது. கணக்கு ஷைனி பேரில்.

கால் பெருவிரல்

கல்பாத்தியிலிருந்து பேங்க் வேலையில் ஓய்வு பெற்ற மாமி ஒருத்தர் வந்தாங்க. காதுக்குப் பஞ்சு, பயம் வந்தால் அழுத்திக் கூப்பிடக் கையில் ஒரு ரப்பர் பல்ப், எத்தனை நிமிஷம், என்ன சத்தம் வரும்னு ஒண்ணு விடாமல் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு மாமி கதவைப் பார்த்தாங்க. ஷைனி உள்ளேயே நின்னு கால் பெருவிரலைப் பிடிச்சுக்குவாளாம், அந்தச் சேதி கல்பாத்தி வரைக்கும் போயிருக்கு! எனக்குக் காது மடல் வரைக்கும் எரிஞ்சுது. "நீ சொல்றதெல்லாம் நன்னாப் புரியறது, ஆனா அந்தக் குட்டியைக் கொஞ்சம் விளிக்கறயா?"

என் முறை

மாசக் கடைசி நாள். ஒரு வாரமா எனக்குத் தலைவலி. எதுக்கும் பார்த்துரலாம்னு டாக்டர் என்னையே படுக்கச் சொன்னார். நமக்கென்ன பயம்னு படுத்தேன். முகத்துக்கு மேலே கூடு மூடினதும், முதல் 'டக்'குக்கே கை பல்ப்பைத் தேடிருச்சு. பதினோரு வருஷமா அடுத்தவங்களுக்குச் சொன்னதையெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒண்ணும் ஏறலை. பல்ப்பை அழுத்திட்டேன்.

ஊசி போட்டுக்கலாமான்னு டாக்டர் கேட்டார். தலையாட்டப் போனேன். அதுக்குள்ள கால் பெருவிரலில் ஒரு கை. "பேடிக்கண்டா சேச்சீ, ஞான் இவிடெ உண்டு." பயப்படாதீங்க அக்கா, நான் இங்கேயே இருக்கேன்னு ஷைனி. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அந்தக் கை விலகக் கூடாதுன்னு சாமி கும்பிட்டுக்கிட்டே முழுசும் முடிச்சேன்.

தலையில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் டாக்டர் நோட்டைப் புரட்டி எண்ணினார். "காலைல வரைக்கும் ரெண்டு பேரும் சமம் சாந்தாமணி, நீங்க போய்ப் படுத்ததில ஷைனிக்கு ஒண்ணு கூடிருச்சு."

பயத்துக்குத் தலைக்குள்ள ஒரு பாதாம் பருப்பளவு இடம்தான்; பொறாமைக்கு எவ்வளவுன்னு என் ஸ்கேனில் நானே மூணு தடவை தேடியும் தெரியலைங்க.