மூன்று வாரம் பூச்சி மருந்து ஊற்றிய பூனை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருநூறு கோழியில் தொடங்கி இன்று மல்லசமுத்திரம் பக்கம் நாற்பதாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கிறேன். எச்சத்தைப் பார்த்தே கோழிக்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவேன். இதை ஊரில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் தீவன அறைக்கு எலி பிடிக்கத் தானாக வந்து சேர்ந்தது ஒரு மஞ்சள் பூனை. எட்டு வருடமாக என்னிடம் சம்பளம் கேட்காத ஒரே ஆள். போன வருடம் அது வாந்தி எடுத்தது, கழிந்தது, விலா எலும்பு தெரிய இளைத்தது. குடல் புழு என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கோழிக்கு வயிற்றுப் புழு சாகத் தண்ணீரில் கலக்கும் பூச்சி மருந்தை எடைக்குத் தக்கபடி அளந்து, வாரம் ஒரு முறை மூன்று வாரம் ஊற்றினேன்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, அது பூனைங்க. கோழியாட்டம் கொக்கரிச்சாத்தான் உடுவீங்களா?”

கோழி ஏற்றும் பிளாஸ்டிக் கூண்டில் பூனையை அடைத்து நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் பேத்தி வயதுப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “வெள்ளை அணுவுல ஈசினோபில் ரொம்ப ஏறியிருக்குங்க” என்றாள்.

தீவனத் தூசியில் எனக்கே அது ஏறி மூச்சிரைத்ததுண்டு. அதனால் நானும் பாதி டாக்டர். “புழு இருந்தாலும் அது ஏறுமில்லீங்க அம்மிணி?” என்று கேட்டுவிட்டு மனைவியை ஒரு பார்வை பார்த்தேன்.

“ஏறுங்கய்யா. ஆனா மலத்துல ஒரு புழு முட்டைகூட இல்லீங்க. வயித்துல கட்டி தட்டுப்படுது.”

ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். குடல் புற்றுநோய். ரத்தத்தில் அந்த அணுவை ஏற்றிவிட்டதே அந்தக் கட்டிதானாம். பரவிவிட்டதால் கத்தி வைத்துப் பயனில்லை, மாத்திரை கொடுத்தால் கொஞ்ச நாள் சிரமப்படாமல் இருக்கும் என்றாள்.

இருந்தது. இரண்டு மாதம் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு என்னையே வேலைக்காரனைப் போல் பார்த்தது. பிறகு ஒரு காலையில் தீவன மூட்டை மேல் விறைத்துக் கிடந்தது.

புதைத்துவிட்டு வந்து டாக்டருக்குப் போன் போட்டேன். “மூணு வாரம் முந்தியே கொண்டாந்திருந்தா பொழச்சிருக்குமுங்களா?”

“அது சொல்ல முடியாதுங்கய்யா.”

முட்டை வியாபாரிகளிடம் வாழ்நாளெல்லாம் கூசாமல் பொய் சொன்னவன் நான். எனக்காக ஒரே ஒரு பொய் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை.

“என்ன சொன்னாங்க?” என்று மனைவி கேட்டாள்.

“எப்பக் கொண்டுபோயிருந்தாலும் பொழச்சிருக்காதுன்னுட்டாங்க” என்றேன்.