பதினாறில் பதினாலு

பார்சல் அலுவலக கவுன்ட்டரில் இரண்டே பேர். காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் ஒருவர், வாரம் மாற்றி வாரம். ஒருத்தியை ஊரே 'பார்சல் அக்கா' என்று கூப்பிடும். மற்றவருக்குப் பட்டப்பெயர் 'நாளைக்கு வாங்க'. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருகிற முதல் பதில் அதுதான். ஆள் தங்கமானவர், உடம்புதான் வளையாது.

ஒரே வருடத்தில் பதினாறு பார்சல்கள் காணாமல் போயின. புகார்ப் புத்தகத்தைப் புரட்டினால் பதினாலு அக்காவின் நேரத்தில் பதிவாகியிருந்தன. எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தும் ஒரு துண்டு அட்டைகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் வழக்குப் போட்டுவிட்டார்கள்.

புள்ளியியல் நிபுணர் கூண்டில் ஏறி, "தற்செயலா இப்படி அமையறதுக்கு ஐந்நூத்துல ஒரு வாய்ப்புதான் இருக்கு" என்றார். அக்கா திரும்பி மகளைப் பார்த்தாள். அவள் ஜெயிலுக்குப் போனால், அப்பா இல்லாத மகளுக்கு யார் துணை?

அக்காவின் வக்கீல் 'நாளைக்கு வாங்க'வைச் சாட்சிக்கு அழைத்தார்.

"உங்க நேரத்துல யாராவது புகார் கொண்டு வந்தா என்ன செய்வீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு வாங்கன்னு சொல்வேனுங்க."

"நாளைக்கும் வந்தா?"

"அப்பவும் அதேதானுங்க. அலைஞ்சு அலுத்துப்போய் அக்கா இருக்கிற நேரமாப் பார்த்து வருவாங்க. அவங்க உட்கார வச்சு எழுதிக்குவாங்க. நான் எழுதினது ரெண்டே ரெண்டு. ரெண்டு நாளும் மேனேஜர் என் பக்கத்துல நின்னாருங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்தக் கணக்கு யார் எழுதினாங்கன்னுதான் சொல்லுது. யார் எடுத்தாங்கன்னு சொல்லல. சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க இது போதாது" என்று விடுதலை செய்தார். ஒழுங்காக வேலை பார்த்ததற்கு அக்காவுக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள், கூண்டு வரைக்கும் போய் வர வேண்டியிருந்தது!

அந்த வாரமே, புகார் எழுதாமல் ஆட்களை அலையவிட்டதற்காக 'நாளைக்கு வாங்க'வை ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். கேட்டதும் அக்கா மகளோடு அவர் வீட்டுக்கு ஓடினாள். அவர் பனியனோடு துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்காக உங்க பொழப்பைக் கெடுத்துக்கிட்டீங்களே. இந்த நன்றியை உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று உடைந்து அழுதாள்.

அவர் ஈரச் சட்டையை உதறினார். "நீ திருட மாட்டேன்னு எனக்கு இருபது வருஷமாத் தெரியும்மா. அதைப் போய்ச் சொன்னா கோர்ட்டுல எடுபடுமா? என் சோம்பேறித்தனம்தான் எடுபடும். அதைச் சொல்லிட்டு வந்தேன்."