பவளக்காலியும் என் வீட்டுக்காரரும்

மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும், "இன்னொரு வாட்டி கட்டற மாதிரி புடிங்க, புகை மறைச்சிடுச்சி" என்பது என் வீட்டுக்காரர் மணிமாறனின் வழக்கம். திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்த நாளிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவர் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. ஓமப்புகையே இல்லாத சர்ச் கல்யாணத்தில்கூடச் சொன்னார். பெண்ணும் மாப்பிள்ளையும் தாய்மாமனும் அவருக்காகக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லோர் கையிலும் செல்போன் வந்து கல்யாண வேலை குறைந்ததும், பறவைப் பக்கம் திரும்பினார். முழங்கை நீள லென்ஸ், பச்சைச் சட்டை, பத்துப் பை வைத்த பேன்ட். பெயர்ப்பலகையில் 'வனவிலங்குப் புகைப்படக் கலைஞர்' என்று சேர்த்துக்கொண்டார். கொக்குக்கும் நாரைக்கும் உள்ள வித்தியாசம் அதற்கப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. நான் எட்டாவதோடு நின்றவள் என்பதை மட்டும் வருகிறவர்களிடம் மறக்காமல் சொல்வார். எதிர்த்துப் பேசாதவள் என்பதால் ஏரிக்கு என்னைக் கூட்டிப்போவார். குடை பிடிப்பது என் வேலை. குடை எனக்கல்ல, கேமராவுக்கு.

இந்தக் கோடையில் பெருமுக்கல் மலைச்சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு, அணைவதும் எரிவதுமாக இருந்தது. கீழே ஏரியில் கோரையும் பிடித்துக்கொண்டது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தபோது இவருக்கு மட்டும் கொண்டாட்டம்.

"பின்னால புகை, முன்னால பறவை. அந்த ஒரு படம் போதும்மே, போட்டியில ப்ரைஸ் நமக்குத்தான்."

ஏரியில் மிஞ்சியிருந்தது ஒரு குட்டைத் தண்ணீர். அதன் ஓரத்தில், வெடித்த மண்ணில், பவளக்காலி ஒன்று நான்கு முட்டை இட்டிருந்தது. சிவந்த குச்சிக் கால்கள். குட்டைக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். ஈரம் காய்ந்ததும் மறுபடி போகும். செருப்பைத் தாண்டி மண் சுட்டது. பறவை திரும்பி வரத் தாமதித்தால் முட்டை வெந்துவிடும்.

இவர் கைதட்டினார். பறவை கத்திக்கொண்டு எழுந்தது. கேமரா படபடவென அடித்தது. பறவை ஒரு சுற்றுச் சுற்றி, நனைந்து வந்து உட்கார்ந்தது.

படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னொரு வாட்டி."

இந்தமுறை மண்ணாங்கட்டியை எறிந்தார். பறவை திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரி சின்னபொண்ணு குரல் கொடுத்தாள். "இன்னா சாரே, கோழி வெரட்டவா இத்தாம் பெரிய மிஷினு தூக்கினு வந்த?"

"போம்மா, இது ஆர்ட்டு. உனுக்குப் புரியாது."

"எனுக்கு இன்னாத்துக்குப் புரியணும்? அது அடைகாக்குது. ஜல்தியா நவுந்து போ."

"படிக்காததுங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த கட்டியைத் தேடினார். நான் குடையை மடக்கினேன்.

"இன்னாமே, கேமரா சுடுது. புடி."

வண்டி நின்ற கருவேலமரத்தை நோக்கி நடந்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் முதுகைக் காட்டியது அதுதான் முதல் தடவை. கட்டியை எறிந்தார். பறவை எழுந்தது. புகை அவர் கேட்டபடி பின்னால் திரண்டு வந்தது. சூடேறிய கேமரா தானாகவே அணைந்துபோனது. அதைக் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் மார்பில் வைத்து ஊதிக்கொண்டே நிழலுக்கு ஓடிவந்தார். அவர் நகர்ந்ததும் பறவை வந்து உட்கார்ந்துவிட்டது.

வீடு வரைக்கும் திட்டினார். சில நாள் கழித்து நான் தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். மூன்று குஞ்சுகள் குட்டையோரம் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு முட்டை பொரியவில்லை.

முதலில் எடுத்த படத்துக்கு 'தாய்ப்பாசம்' என்று பெயர் வைத்துப் போட்டிக்கு அனுப்பினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அதையே பெரிதாக்கி, 'பறவைகளைக் காப்போம்' என்று எழுதி ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருக்கிறார். பெண்டாட்டியால் பரிசு போயிற்று என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.

மலையில் தீ அணைந்துவிட்டது. குட்டை வற்றிவிட்டது. மூன்று குஞ்சுகளும் பறந்துபோயின. அவருடன் நான் இப்போது எங்கும் போவதில்லை.