லேமினேஷன் போட்ட மூன்றாம் இடம்

என் அக்காவைக் கண்டால் எங்கள் கடைத்தெருவில் தராசுகளுக்கே வியர்க்கும். எடை அளவைத் துறையில் ஆய்வாளர் அவள். இரும்புப் படிக்கற்கள் அடங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் முதலில் அவளுக்கு நாற்காலியைத் துடைப்பார், அப்புறம் தராசைத் துடைப்பார். "துடைச்சா முள்ளு நேராயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே கற்களை வெளியே எடுப்பாள். சொந்தத் தம்பி என்றும் பார்க்காமல், என் அச்சுக் கடையில் கூரியர் உறைகளை நிறுக்கும் சின்ன மிஷினுக்கே ஒருமுறை நோட்டீஸ் கொடுத்தவள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு தராசைப் பற்றி.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், நகரப் பேருந்து ஓட்டுகிறார். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. மூன்று வருடங்களுக்கு முன்பு டாக்டர் அவருடைய சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு ஒரு பிடி பிடித்தார். மறுவாரமே அத்தான் ஒரு சைக்கிளை வாங்கி, பின்னறையில் ஒரு ஸ்டாண்டில் பூட்டிவிட்டார். பின்சக்கரம் ஓர் இரும்பு உருளையை அழுத்திக்கொண்டு நிற்கும். மிதிக்கிற பலத்தை உருளை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும், நெஞ்சுத் துடிப்பை மார்பில் கட்டிய பட்டை சொல்லும். திரையில் அத்தானைப் போல ஒரு பொம்மை, அவரைவிடத் தொப்பை கொஞ்சம் கம்மி, மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போகும். அவரவர் வீட்டில் மிதிக்கிற மற்றவர்களின் பொம்மைகளும் பக்கத்திலேயே ஓடும். இதற்கென்று ஒரு சங்கம் உண்டு. நூற்றிருபது பேர், ஞாயிறு காலை ஆறரைக்குப் பந்தயம். நானும் உறுப்பினன்தான்; என் சாதனைகளைச் சொல்ல அதிக நேரம் ஆகாது.

எல்லாரையும் ஒரே பந்தயத்தில் விட்டால் நாங்கள் கிளம்புவதற்குள் கெட்டிக்காரர்கள் குளித்து முடித்திருப்பார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு தர எண். உங்களைவிட எண் கூடியவரை முந்தினால் உங்கள் எண் ஏறும். எண் குறைந்தவரிடம் தோற்றால் இறங்கும். எண்ணை வைத்து நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். நானும் அத்தானும் நான்காம் படி. அதற்குக் கீழே படி கிடையாது.

இந்தக் கணக்கை முன்பு ஒரு பல் டாக்டர் பார்த்துவந்தார். ஒருநாள் அத்தானின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்த அக்கா, "இது தப்பா இருக்கே" என்றாள். அவ்வளவுதான். ஒரே வாரத்தில் டாக்டர் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் பல் பிடுங்கப் போய்விட்டார். வாழ்நாளில் சைக்கிள் ஏறாத என் அக்கா, நூற்றிருபது பேரின் தரத்தை நிர்ணயிப்பவள் ஆனது இப்படித்தான்.

இனி அத்தானின் மூன்றாம் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடக் கடைசிப் பந்தயத்துக்குப் பதினொரு வாரம் முன்பு ஒரு ஞாயிறன்று மூன்றாம் படியும் நான்காம் படியும் சேர்ந்து ஓடின. நாற்பத்தொரு பேர். அத்தான் மூன்றாவதாக வந்தார். நம்ப முடியாமல் சைக்கிளிலிருந்து இறங்கக்கூட மறந்துபோய் மிதித்துக்கொண்டே இருந்தாராம். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்திலிருந்து அன்றுவரை அவர் எதிலும் ஒரு இடமும் வந்ததில்லை. திரையைப் படம் பிடித்து என் கடைக்கு ஓடிவந்தார். பெரிய தாளில் வண்ணத்தில் அச்சடித்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அது சைக்கிளுக்கு எதிரே சுவரில் ஏறியது. பேருந்து டெப்போவில் இந்தக் கதையைக் கேட்காத கண்டக்டர் இல்லை. சிலர் மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள்.

அதனால் அவர் எண் ஏறி மூன்றாம் படிக்குப் போனார், அடுத்தடுத்த வாரங்களில் கடைசியாக வந்து பழையபடி நான்காம் படிக்கே திரும்பினார். ஆனாலும் மனுஷன் விடவில்லை. நான்காம் படியில் ஐந்தாவது, மூன்றாவது, இரண்டாவது என்று முன்னேறிக்கொண்டே வந்தார். வருடக் கடைசிப் பந்தயத்தில் படிக்கொரு கோப்பை உண்டு; நான்காம் படியில் அவர் முதலாவதாக வரலாம் என்று எல்லாருக்கும் தோன்றியது. அவருக்கும் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இனிப்பைத் தொடுவதை நிறுத்திவிட்டார்.

குறுக்கே வந்தவர்கள் மூன்று பேர். ஒரு வக்கீல், அவருடைய சகலை, அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு நண்பர். மூன்றாம் படியில் ஓடவேண்டியவர்கள். வாராவாரம் கடைசிக் கிலோமீட்டரில் வேண்டுமென்றே காலைத் தளர்த்தி, எண்ணை இறக்கி இறக்கி, கடைசிப் பந்தயத்துக்கு நான்காம் படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கோப்பையைச் சுலபமாகத் தட்டிக்கொண்டு போகலாம் என்று திட்டம். அக்கா கேட்டதற்கு வக்கீல், "மெதுவா மிதிக்கக் கூடாதுன்னு விதியில எங்கம்மா இருக்கு?" என்றார்.

"இல்லதான். இனிமே இருக்கும்" என்றாள் அக்கா.

சமையலறை மேசையில் பத்து நாள் உட்கார்ந்தாள். பழைய பந்தயங்களை எல்லாம் போட்டுப் பார்த்து ஒரு திருத்தம் கண்டுபிடித்தாள். கேட்க ரொம்ப எளிது: ஒருவர் கடந்த தொண்ணூறு நாளில் தொட்ட உச்ச எண்ணிலிருந்து ஓரளவுக்கு மேல் கீழே இறங்க முடியாது. எவ்வளவு தூங்கினாலும் எண் அங்கேயே நிற்கும். கடைசிப் பந்தயத்துக்கு நான்கு நாள் முன்னால், புதன்கிழமை, அந்தத் திருத்தத்தை ஓட்டிப் பார்த்தாள். நான்காம் படியிலிருந்து நான்கு பேர் மேலே ஏறினார்கள். வக்கீல், சகலை, நண்பர். நான்காவது, அத்தான்.

பதினொரு வாரத்துக்கு முந்தைய அந்த மூன்றாம் இடம்தான் அவரைத் தூக்கியிருந்தது. திருத்தம் வந்தால் அத்தான் மூன்றாம் படியில் ஓடி எங்கோ பின்னால் வருவார். திருத்தம் வராவிட்டால் வக்கீல் கோஷ்டி நான்காம் படியில் அவரை விழுங்கிவிடும். எப்படிப் பார்த்தாலும் அவருடைய கோப்பை போச்சு. நானாக இருந்தால் தலையெழுத்து என்று அப்படியே விட்டிருப்பேன். அக்கா நான்கு பேரின் பதிவுகளையும் திறந்துவைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் எனக்கு போன் வந்தது. "கடையப் பூட்டிட்டு வா. சைக்கிள் மிதிக்கற டிரெஸ்ல வா."

போனேன். அத்தான் பணியில் இருந்தார். அக்கா பின்னறையில் தரையில் உட்கார்ந்து ஸ்டாண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது வந்த அன்னிக்கு அவரோட நெஞ்சுத் துடிப்பு என்னன்னு தெரியுமா? நூத்தம்பத்தெட்டு. எல்லா வாரமும் அதேதான். ஆனா பலம் மட்டும் முப்பத்தெட்டு வாட் கூட. துடிப்பு ஏறாம பலம் எப்படிடா ஏறும்?"

"நல்லாத் தூங்கியிருப்பாரு."

"அன்னிக்குக் காலையில நாலரைக்கே எழுப்பினேன். வாஷிங் மெஷின் குழாய் கழண்டு வீடு முழுக்கத் தண்ணி, ஞாபகம் இருக்கா?" அவள் குரல் இறங்கியது. "இந்த ரூமைத் துடைக்கறதுக்காக நான்தான் சைக்கிளை நகர்த்தினேன். இந்தத் திருகை நான்தான் கழட்டினேன். திரும்ப நான்தான் மாட்டினேன்."

திருகு என்பது உருளையைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் கைப்பிடி. அத்தான் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அதை நன்றாக முடுக்கி, எவ்வளவு இறுக்கம் என்று மிஷினுக்குக் காட்டிவைப்பார். அந்த ஞாயிறு காலை அக்கா அதை முழுசாக முடுக்கவில்லை என்றால், சக்கரம் லேசாகச் சுற்றியிருக்கும்; மிஷினோ பழைய இறுக்கத்தை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு மிதிக்கும் பலத்தைத் தாராளமாக அள்ளிப் போட்டிருக்கும்.

"இருக்கும்னு சொல்றது பத்தாது. ஏறு" என்றாள்.

ஏறினேன். முடுக்கி வைத்து மிஷினுக்குக் காட்டி, பத்து நிமிடம் மிதிக்கவைத்தாள். வழக்கமான நான்; திரையில் என் பொம்மை ஒரு பாலத்தின் மேல் தள்ளாடியது. பிறகு திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினாள். அதே மூச்சு, அதே துடிப்பு. நான் பறந்தேன்! மேட்டில் இரண்டு பேரை முந்தினேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரின் முதுகை அருகில் பார்த்தேன்.

"அக்கா, இதை இப்படியே விட்டுடேன்!"

"முப்பத்தேழு" என்று எழுதிக்கொண்டாள். அவள் முகத்தில் கண்டுபிடித்த சந்தோஷம் துளியும் இல்லை.

எனக்கோ தலைகால் புரியவில்லை. "நல்ல விஷயம்தானே? அந்த ஒரு நாளை அடிச்சிட்டா அத்தான் மேல போகமாட்டாரு. அந்த மூணு பேரும் போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை அவருக்குத்தான் கப்பு!"

"யாருடா போய் அவர்கிட்ட சொல்றது, அந்த மூணாவது இடம் நீங்க வந்ததில்ல, நான் தரை துடைச்சதால வந்ததுன்னு?" சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். "ஊரெல்லாம் சொல்லிவெச்சிருக்காருடா." அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, ஆனால் மூக்கை உறிஞ்சினாள்.

சாயங்காலம் அவளேதான் சொன்னாள். பூசி மெழுகவில்லை, திருகிலிருந்து முப்பத்தேழு வாட் வரை அப்படியே சொன்னாள். அத்தான் காபியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்றரைச் சுத்துதானா?" என்றார்.

"ஆமாங்க."

"நான் அன்னிக்கு எவ்வளவு கஷ்டப்பட்டு மிதிச்சேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அது பதிவுல இருக்கு. நீங்க எல்லா வாரமும் அதே அளவு கஷ்டப்படறீங்க."

அவர் காபியைக் கீழே வைத்தார். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிதிக்கும் சத்தம் கேட்கவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்ததால் நழுவிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினாள். திருத்தம் இது, மேலே போகிறவர்கள் மூவர், நான்காமவரின் ஒருநாள் பதிவு மிஷின் கோளாறு, அவர் என் கணவர், கோளாறுக்குக் காரணம் நான். வாஷிங் மெஷின் குழாயைக்கூட விடவில்லை. ஐந்து நிமிடத்தில் வக்கீல் வந்துவிட்டார். "அருமை. எங்க வீட்டுல யாரும் தரை துடைக்கறதில்ல, அதனால நாங்க மேல. உங்க வீட்டுக்காரர் மட்டும் கீழ. நல்லா இருக்கும்மா உங்க தராசு." அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் பத்துப் பதினைந்து. எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம் என்று அக்கா போன் செய்து தடுத்ததால்தான் வக்கீல் தப்பித்தார்.

பதினொரு மணி இடைவேளையில், டெப்போவிலிருந்து அத்தானின் செய்தி வந்தது. "நான் மூணாவது வந்தது பொய். அதை அடிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை நான் மூணாம் படியிலயே ஓடறேன். வக்கீல் சார் கூடவே."

நேராக டெப்போவுக்கே போய்விட்டேன். "அத்தான், உங்களுக்கென்ன பைத்தியமா? நாலாம் படியில நீங்கதான் முதல்! அந்த ஆள் சொன்னதுக்காக விட்டுக்கொடுக்கறதா?"

"அந்தாளுக்காக இல்ல மாப்ள." அவர் பேருந்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நாலாவதுல ஜெயிச்சா அவ செஞ்சு கொடுத்ததும்பாங்க. பத்து நாள் உக்காந்து எழுதின கணக்கு, அதுல என்னால ஒரு கறை வேணாம். அதோட... அன்னிக்கு என் பக்கத்துல ஓடினாங்களே, அவங்க மத்தியில நான் நிஜமா எங்க வருவேன்? அது தெரிஞ்சுக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது."

ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை என் பந்தயம் ஆறரைக்கு. மூன்றாம் படிக்கு ஏழரை. என்னுடையதை முடித்து அவசரமாக ஓடிப்போனேன். அக்கா ஸ்டாண்டின் பக்கத்தில் மண்டியிட்டு, திருகை முழுசாக முடுக்கி, மிஷினுக்குக் காட்டி, இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"முடுக்கியாச்சு. மிதிங்க."

இருபத்துமூன்று பேர். முதல் மேட்டிலேயே அத்தான் கடைசிக்கு முந்திய ஆள். வக்கீல் எங்கோ முன்னால். பாதி தூரத்தில் பதினெட்டாவது, அப்புறம் பதினாறாவது. இரண்டு மாதமாகக் காலைத் தளர்த்தியே பழகிய வக்கீலின் பொம்மை கடைசி மேட்டில் தலையை ஆட்டத் தொடங்கியது. அத்தானின் வியர்வை தரையில் குளமாகிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பதினான்காவது. இதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற அக்கா, "விடாதீங்க! அந்த வக்கீலை விடாதீங்க!" என்று கத்தினாள். கோட்டுக்கு ஐம்பது மீட்டரில் அத்தான் வக்கீலின் பக்கத்துக்கு வந்தார். அரைச் சக்கரம் தாண்டினார். பன்னிரண்டாம் இடம். சகலையும் நண்பரும் அவருக்குப் பின்னால்.

அவர் சைக்கிளின் மேலேயே கவிழ்ந்து கிடந்தார். மூச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இது நிஜந்தானே?"

அக்கா பக்கத்தில் வந்தாள். குனிந்து திருகைத் தொட்டுப் பார்த்தாள். சக்கரத்தில் காற்றை அழுத்திப் பார்த்தாள். திரையில் துடிப்பையும் பலத்தையும் வரிசையாகப் படித்தாள். மிஷினுக்கு எடையைக் குறைத்துச் சொல்லியிருந்தால் பொம்மை மேட்டில் வேகமாக ஏறும் என்பதால், அவரை இறக்கி, ஆபீசிலிருந்து அன்றைக்கென்று முத்திரை போட்டுக் கொண்டுவந்த எடை மிஷினில் நிற்கவைத்தாள். நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

"நிஜம்" என்றாள்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

நான்காம் படியில் நான் ஆறாவதாக வந்தேன், என் வாழ்நாளிலேயே அதுதான் உச்சம். யாராவது கேட்பார்கள் என்று மத்தியானம் வரை காத்திருந்தேன்.

சாயங்காலம் அத்தான் சுவரிலிருந்து பழைய படத்தைக் கழற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பன்னிரண்டாம் இடத்தை அதே அளவில் அச்சடிக்கச் சொன்னார். தாளை மிஷினுக்குள் விடப்போகும் நேரத்தில் அக்கா உள்ளே வந்தாள்.

"இரு, லேமினேஷன் போடறதுக்கு முன்னாடி கொடு. மேல எழுதினா அழிஞ்சுடும்."

தாளை வாங்கி, என் கல்லாவின் மேல் வைத்து, கடைத் தராசுகளின் சான்றிதழில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில் வலது மூலையில் எழுதினாள்: "சரிபார்க்கப்பட்டது." தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள். அத்தான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "நாளைக்கு டெப்போவுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார்.