பங்களா கேட்டில் ஒடித்த குச்சி

எல்லவில் பஸ் நின்றபோது ஒரு பெண்பிள்ளை காகிதக் கூம்புகளில் எதையோ நிரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரப் பயணிகள்தான் வாங்கினார்கள். நான் பதுளை ஆஸ்பத்திரியில் முழங்காலைக் காட்டிவிட்டு அப்புத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கூம்பு ஒன்று ஜன்னலுக்குக் கீழே வந்ததும் வாசம் அடித்தது. கருப்பட்டியும் லேசாகப் புளித்த மாவும் கலந்த வாசம். வெள்ளை மல்பெரி. அளவுக்கு மீறிப் பழுத்தால்தான் அந்தப் பழத்துக்கு வாசம் வரும். நேற்றுப் பறித்ததை இன்றைக்கு விற்கிறாள் என்று என் மனசு உடனே குற்றம் கண்டுபிடித்தது. மல்பெரி விஷயத்தில் எனக்கு நியாயமாகப் பேச வராது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அறுபதுகளின் கடைசி அது. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையாய்க் கட்டிய லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா பாக்கியத்துடையது. என்னைவிட இரண்டு மூன்று வயசு இளையவள், என்னை அக்கா என்பாள். கொழுந்து பறிக்கப் போவாள். அவள் புருஷன் தொரை பங்களாவில் பூச்செடிகளையும் மரக்கறிப் பாத்திகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கு இரண்டும் பையன்கள். எனக்கு ஒரே பெண், செல்வி.

லயத்துக்குப் பின்னால் ஆளுக்குக் கொஞ்சம் மண் உண்டு. செல்வி பிறந்த வருஷம் அதில் பாக்கியம் போஞ்சி போட்டிருந்தாள். கொடி ஏறுவதற்கு அவள் புருஷன் பங்களாவில் கழித்துப்போட்ட குச்சிகளைக் கொண்டுவந்து ஊன்றினான். போஞ்சி முடிந்து கொடியைப் பிடுங்கிய பிறகும் ஒரு குச்சி மட்டும் இலை விட்டுக்கொண்டு நின்றது. பங்களாக் குசினிக்குப் பின்னால் நின்ற மல்பெரியின் குச்சி. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, எரு போடவில்லை. இரண்டு வருஷத்தில் கூரையை எட்டிப் பார்த்தது, காய்த்தும் விட்டது. விரல் கணு நீளத்தில் வெள்ளை வெள்ளையாகப் பழம். புளிப்பென்பதே கிடையாது, தேன். அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த மரமாக இருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

பழம் காய்த்ததோடு என் பிள்ளை போய்விட்டாள். எங்கே போவாள், அடுத்த காம்பராவுக்குத்தான். வேலை விட்டு வந்து, பகலில் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் இருந்து அவளைத் தூக்கி வருவேன். முகம் கழுவித் தேத்தண்ணி ஊற்றுவதற்குள் இடுப்பிலிருந்து நழுவிவிடுவாள். பாக்கியம் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மரத்தடியில் விரிப்பாள். பையன்கள் கிளையை உலுக்குவார்கள். செல்வி நடுவில் உட்கார்ந்துகொண்டு தலையில் விழுவதைப் பொறுக்கித் தின்பாள். தின்ற கையாலேயே பாக்கியத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னம்மா, சின்னம்மா என்பாள். அந்தக் குரல் மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்.

போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். போகவில்லை என்று சாதிப்பாள். கருப்பு மல்பெரி என்றால் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும், இது வெள்ளை, ஒரு கறையும் இருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா, பிள்ளையின் வாயை முகர்ந்து பார்த்தேன். பெற்ற பிள்ளையின் வாயை, போலீஸ்காரன் குடிகாரனைச் சோதிக்கிற மாதிரி. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வயிறு எரிந்தது.

பண்டாரவளைக்குப் போன என் புருஷனிடம் சொல்லிப் பேரிக்காய் வாங்கிவரச் செய்தேன். அந்த மாசத்துக்கு அது கொஞ்சம் அதிகப்படியான செலவு. செல்வி இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சின்னதைத் தனக்கு வைத்துக்கொண்டு, "பெருசு சின்னம்மாவுக்கு" என்று நடந்துவிட்டாள்.

பாக்கியத்துக்கு என் புகைச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு, "குச்சி வேணுமாக்கா? நம்ம மரத்துல ஒடிச்சுத் தர்றேன். ஒங்க பக்கமும் ஒண்ணு நிக்கட்டும்" என்றாள்.

"எதுக்கு? பங்களாவுல பெரிய மரமே நிக்கிதே" என்றேன்.

அவளுடைய மரத்தின் குச்சியை வாங்கி நட்டால், என் மரமும் அவள் கொடுத்ததாகத்தானே இருக்கும்? அதுவுமில்லாமல் எனக்கு என் தொழிலில் கர்வம். நான் தவறணையில் வேலை செய்தவள். புதுத் தேயிலைக் கன்று வளர்க்கிற இடம் அது. ஓர் இலையும் ஒரு கணுவுமாகத் துண்டு வெட்டி, மண் நிரப்பிய பையில் குத்தி, பெரணித் தழையில் நிழல் கட்டி வேர் பிடிக்க வைப்போம். என் கை பட்ட துண்டு காய்ந்ததில்லை என்று கங்காணி நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். எந்தச் செடியில் வெட்டுவது என்பதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. "பூக்கிற செடியத் தொடாதீங்க. சத்தெல்லாம் பூவுலயும் காயிலயும் போயிரும். எலை பளபளன்னு இருக்கிற செடியாப் பாத்து வெட்டுங்க." வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

பங்களாவில் இரண்டு மல்பெரி நின்றது. குசினிக்குப் பின்னால் இருந்தது கோணல்மாணலாக, பறவை கொத்திப் பிள்ளைகள் பிய்த்துப் பரிதாபமாக நிற்கும். கேட்டடியில் நின்றதோ கம்பீரம். உள்ளங்கை அகலத்தில் இலை, நேரான கொம்பு, கீழே தரை சுத்தம். ஒரு பழம்கூட விழுந்து நசுங்கியிருக்கவில்லை. தொரை வரும் வழி, கூட்டி அள்ளிவிடுவார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாக்கியத்தின் புருஷன் வேலைக்கு வராத நாளாகப் பார்த்து, காவல்காரரிடம் கேட்டு அந்தக் கேட்டு மரத்தில் பென்சில் கனத்தில் ஒரு குச்சி ஒடித்து வந்தேன்.

தேயிலைக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்தேன். சரிவாக வெட்டினேன், நிழல் கட்டினேன், நாள் தவறாமல் தண்ணீர் தெளித்தேன். பின்னால் எங்கள் மண்ணில் நட்டு, ஆடு கடிக்காமல் முள் கட்டினேன். பாக்கியத்தின் மரம் இரண்டு வருஷத்தில் வளர்ந்ததை என் மரம் ஒரு வருஷத்தில் வளர்ந்தது. தினமும் காலையில் இரண்டையும் அளந்து பார்த்துவிட்டுத்தான், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போவேன்.

அடுத்த வருஷம் இலைக்கிடையில் புழுப் புழுவாகப் பூ இறங்கியது. லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன், என் மரம் பூத்துவிட்டது, இந்த முறை எல்லாருக்கும் பழம் என்று. செல்வியைத் தூக்கிக் காட்டினேன். ஒரே வாரத்தில் பூ மஞ்சள் தூளாக உதிர்ந்து தீர்ந்தது. காம்புதான் மிச்சம். நான் இலை இலையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பாக்கியம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டாள்.

"அது ஆம்பள மரம் அக்கா. கேட்டு மரம் எந்தக் காலத்துலயும் காய்க்காதுன்னு அவரு சொல்லுவாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

குத்தலாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெட்டிப்போடு என்றார் என் புருஷன். எனக்கு மனசு வரவில்லை, நிழல் அப்படி. கீழே போட்ட கீரை எல்லாம் வெயிலில்லாமல் செத்துப்போனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்துப் பெண்கள் அங்கேதான் கூடுவார்கள். தலை பின்னிக்கொள்வதும் பேன் பார்ப்பதும் என் மரத்தடியில். பாக்கியம் ஒரு தட்டு நிறையப் பழத்தோடு வந்து நடுவில் உட்காருவாள். என் நிழலில் உட்கார்ந்து எல்லாரும் அவளைப் புகழ்ந்து தின்பார்கள். அவள் மடியில் என் மகள் தூங்குவாள்.

செல்விக்கு ஐந்து வயசு நடக்கும்போது பாக்கியத்தின் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போக எல்லாம் சரியாகிவிட்டது. அந்த வருஷங்களில் இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி லயத்துக்கு லயம் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அப்புத்தளை ஸ்டேஷனில் அவள் செல்வியை விடவே இல்லை. கடைசியில் என் கையைப் பிடித்து, "மரத்த ஒங்ககிட்டத்தான் விட்டுட்டுப் போறேன். புள்ளைக்குப் பறிச்சுக் குடுங்கக்கா" என்றாள். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் ரயில் வளைவில் மறைந்ததும் எனக்குள் சந்தோஷமாக இருந்தது. இந்த வயசில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அடுத்த பருவத்தில் என் படங்கை அவள் மரத்தடியில் விரித்து நானே உலுக்கினேன். செல்வி முதல் நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் தின்றாள். சின்னம்மா எப்போது வரும் என்று தினமும் கேட்டவள், பிறகு எப்போதாவது கேட்டாள்.

அந்தச் சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. நீலகிரிப் பக்கமிருந்து, பாக்கியத்தின் பெரிய பையனின் கையெழுத்தில். உறைமேல் செல்வியின் பெயர், உள்ளே எழுதியிருந்தது எனக்கு. பிள்ளை பழம் தின்கிறாளா, உயரமாகிவிட்டாளா என்று கேட்டிருந்தாள். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோன மல்பெரிக் குச்சி வழியிலேயே காய்ந்துவிட்டதாம். செல்வியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் அக்கா என்று முடித்திருந்தாள். படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அப்பாடா, இப்போது அவளிடம் மரம் இல்லை என்பதுதான். கடிதத்தை அடுப்பில் போட்டேன். செல்வியிடம் சொல்லவில்லை. விலாசமும் அதோடு போயிற்று. இன்னொரு கடிதம் வரவில்லை.

இப்போது அந்த லயமே இல்லை. இரண்டு மரங்களையும் எந்த வருஷம் வெட்டினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் யாரோ லீக்ஸ் பாத்தி போட்டிருக்கிறார்கள்.

போன தைப்பொங்கலுக்குச் செல்வி கொழும்பிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தாள். பேச்சுவாக்கில் பிள்ளைகளிடம் சொன்னாள்: "எங்கம்மா மல்பெரி மரம் வச்சிருந்தாங்க. வெள்ளைப் பழம். அம்மா மடியில படுத்துக்கிட்டே திம்பேன். அப்பிடி ஒரு பழம் அப்புறம் நான் தின்னதே இல்ல."

மடி என்னுடையது அல்ல. எனக்கு நன்றாகத் தெரியும்.

"பாக்கியம் சின்னம்மாவ ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

செல்வி கொஞ்சம் யோசித்தாள். "யாரும்மா அது?"

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "பக்கத்துக் காம்பராவுல இருந்தவங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான், கிடைத்தும் விட்டது. கடலுக்கு இந்தப் பக்கம் பாக்கியத்தின் முகம் தெரிந்தவள் இப்போது ஒருத்திதான் மிச்சம். அவளைக் கண்டாலே ஆகாத நான்.