கொஞ்சம் நகர்ந்து படுங்க

இது நடந்தது. அப்போது உள்ளே இருந்த நான்கு பேரும் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள், காருக்குத் தவணை கட்டுகிறார்கள், சனிக்கிழமை விடியற்காலையில் மலை ஏறுகிறார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் நால்வரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாதவி வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடம் வரும்போது அதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, நட்டநடு மதியம். மலேசியாவின் கிள்ளான் நகரில் சாலைத் தார் இளகிக்கொண்டிருந்தது.

மாதவி பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறவள். முப்பத்தெட்டு வயது. அவள் கணவன் சுகுமாறன் முந்தைய ஜூலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரிப் பிணவறையில் இரும்புத் தட்டை வெளியே இழுத்து, "கையைத் தொட்டுப் பாரும்மா" என்றார்கள். தொட்டாள். அந்தச் சில்லிப்பு விரலில் ஏறியது. பிறகு இறங்கவே இல்லை.

அன்றையிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழவில்லை. கொதிக்கக் கொதிக்க தே தாரேக் டீயை ஆற்றாமல் குடிப்பாள். நாக்கு வெந்திருப்பது மறுநாள்தான் தெரியும். ராத்திரி கட்டிலின் இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு படுப்பாள். வலது பக்கம் பத்து மாதமாக விரித்தபடியே கிடந்தது.

அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. கங்காபல் ஏரி.

காஷ்மீரில், ஹரமுக் மலையின் காலடியில், மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏரி. ஏழு நாள் நடந்து போய் வர வேண்டும். சுகுமாறன் உயிரோடு இருந்தபோது ஐந்து பேராகப் போட்ட திட்டம் அது. அந்த ஏரியில் அஸ்தி கரைப்பது அங்கே பழைய வழக்கம் என்று அவன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். "நான் செத்தா அங்க கரைச்சிருங்க லா. போர்ட் கிள்ளான் தண்ணியில எண்ணெய் மிதக்குது." எல்லோரும் சிரித்தார்கள். மாதவிதான் அதிகம் சிரித்தாள்.

அஸ்தி போர்ட் கிள்ளான் கடலில்தான் கரைந்தது. ஒரு பிடியை மட்டும் அவள் எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வைத்திருந்தாள்.

கூட்டத்துக்குத் தலைவன் குரு. பூச்சோங்கில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. சுகுமாறனின் நண்பன். வருகிற ஆகஸ்டில் போவதென்று திட்டத்தை மறுபடி தூசி தட்டியபோது ஒரு நிபந்தனை போட்டான்.

"நமக்குக் குளிர்னா என்ன? ஏர்கோன்ல பதினெட்டு. அவ்வளவுதான். அங்க ராத்திரி மைனஸ்ல போகும். நம்ம உடம்பு என்ன பண்ணும்னு நமக்கே தெரியாது. இங்கயே பாத்துடணும்."

"எங்க பாக்குறது? ஃபிரிட்ஜுக்குள்ளயா?" என்றான் யுகேந்திரன். சுபாங் ஜெயாக்காரன். எதற்கும் விளையாட்டு.

"ஆமா," என்றான் குரு.

குருவின் உறவுக்காரர் தங்கமணி கிள்ளானில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். உறைந்த மீனும் ஆட்டிறைச்சியும் வைக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அறை காலியாக இருக்கும். மைனஸ் மூன்றில் வைத்துத் தருகிறேன் என்றார். ஒரு மணி நேரம் அதற்குள் ஸ்லீப்பிங் பேக்கில் படுக்க வேண்டும். முடியாதவர் ஏரிக்கு வர வேண்டாம்.

மாதவி அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் தாண்டினால் போதும். டப்பா ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

*

கிடங்கு வாசலிலேயே தங்கமணி காத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் சிஜோக் வேணும் அங்கிள். மைனஸ் மூணு குளிர் பத்தாது," என்றான் யுகேந்திரன்.

"இப்ப வாய் பேசு. பத்து நிமிசத்துல பல்லு பேசும்."

அம்பாங்கிலிருந்து வந்திருந்த விஷ்ணுப்ரியா சிரித்தாள். பள்ளி ஆசிரியை. கூட்டத்தில் இளையவள்.

கிடங்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பிளாஸ்டிக் டேக் ஒன்று. போகும்போது கதவருகே பலகையில் மாட்ட வேண்டும். வரும்போது கழற்ற வேண்டும். பலகையில் டேக் தொங்கினால் உள்ளே ஆள் இருப்பதாக அர்த்தம். கதவைப் பூட்டக் கூடாது. பூட்டுவதற்கு முன் மேஸ்திரி "நம்பர்!" என்று கத்துவார். உள்ளே இருப்பவர்கள் மலாயில் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும்: ஒன்று முதல் ஐந்து வரை சத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா.

"நீங்களும் அப்படியே செய்யுங்க. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை. சத்தம் வரலன்னா ஆள் மயங்கிட்டான்னு அர்த்தம்," என்றார் தங்கமணி.

டேக்குகளை அவரே பலகையில் மாட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

போன வருடமே குரு அவரிடம் பேசி வைத்திருந்தான். அப்போது ஐந்து பேர் என்று சொல்லியிருந்தான். அவர் அதையே மனதில் வைத்திருந்தார்.

யாரும் அதைக் கவனிக்கவில்லை.

உள்ளே மாதவி தன் ஸ்லீப்பிங் பேக்கைப் பிரித்ததும் குரு முகம் சுளித்தான். அது இரண்டு பைகள். ஜிப்பால் இணைத்து ஒன்றாக்கியது. அவளும் சுகுமாறனும் சேர்ந்து படுக்க வாங்கியது.

"இதைப் பிரிச்சிடு மாதவி. காலி இடம் இருந்தா உடம்புச் சூடு நிக்காது. காலியா இருக்கிற பக்கத்துலேர்ந்துதான் குளிர் உள்ள வரும்."

"பரவால்லண்ணே."

"நடுவுல படுத்து ரெண்டு பக்கமும் சுருட்டிக்கவாவது செய்."

நடுவில் படுத்தாள். கூடாரத்தில் இருட்டாகத்தானே இருக்கும் என்று குரு விளக்கை அணைத்தான். 12.40.

கதவின் உள்கைப்பிடி மட்டும் பச்சையாக மின்னியது. மேலே காற்றாடி ஊஊஊ என்று ஓடியது.

12.50. "நம்பர்!"

கத்திய குருவே முதலில் "சத்து," என்றான்.

"டுவா... அலாமா, மூக்கு விழுந்துருச்சு." யுகேந்திரன்.

"தீகா." விஷ்ணுப்ரியாவின் பல் கிடுகிடுத்தது.

"அம்பாட்," என்றாள் மாதவி.

அவளுக்கு நடுக்கமே இல்லை. அவளுக்கு இந்தக் குளிர் புதிதாகவும் இல்லை. பிணவறையில் தொட்ட அந்தக் கை இப்போது அறையாக மாறி அவளைச் சுற்றி நின்றது. அவ்வளவுதான். கண் சொக்கியது. இப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது.

நாலைந்து நிமிடம் போயிருக்கும்.

சர்ர்ர்க்...

ஜிப் சத்தம்.

யாரோ வெளியே போகிறார்கள் என்று நினைத்தாள். காதைத் தீட்டினாள். காலடிச் சத்தம் இல்லை.

சர்ர்ர்க்... மறுபடி. மெதுவாக. முதுகுக்குப் பின்னால்.

அவளுடைய பையின் ஜிப்.

முதுகில் காற்று பட்டது. பிறகு காற்று நின்றது.

யாரோ அதை மறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"நீங்களா?" என்று கேட்க வாய் எடுத்தாள். சுகுமாறன் என்றால் "மாது" என்பான். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

வந்தது வேறு குரல்.

"அக்கா..."

ஆண் குரல். வறண்ட குரல். இந்த ஊர்த் தமிழ் இல்லை.

"ரொம்பக் குளுருதுக்கா... கொஞ்சம் நகந்து படுங்க."

இதைத்தான் அவள் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கத்த வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் உடம்பு பத்து மாதப் பழக்கத்தில் தானே அசைந்தது.

இடது ஓரத்துக்கு நகர்ந்தாள்.

இடம் கொடுத்தாள்.

பை கனத்தது. பக்கத்தில் ஒருவர் நீட்டிப் படுக்கும்போது கனக்கிற மாதிரி. ஒரு பெருமூச்சு. பெரிய ஆறுதலோடு விட்ட மூச்சு.

1.00. "நம்பர்!"

"சத்து."

"டுவா."

"தீ... தீகா."

"அம்பாட்."

காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

"லீமா."

ஐந்தாவது குரல்.

"டேய் யுகேன்..." குருவின் குரல் தேய்ந்தது.

"நான் இல்லண்ணே. சத்தியமா நான் இல்ல."

விஷ்ணுப்ரியா கைபேசி விளக்கைப் போட்டாள். வெளிச்சம் குரு மேல் விழுந்தது. யுகேந்திரன் மேல். மாதவியின் பை மேல்.

அங்கே நின்றது.

"அண்ணே..." என்றாள் விஷ்ணுப்ரியா. "மாதவிக்கா பக்கத்துல யாரு?"

பைக்குள் இரண்டு மேடுகள் இருந்தன.

இரண்டும் மூச்சுக்கு ஏறி இறங்கின.

கைபேசி கீழே விழுந்தது. யுகேந்திரன் கதவை நோக்கிப் பாய்ந்தான். விஷ்ணுப்ரியா அவன் பின்னால். குரு மட்டும் இருட்டில் தடவி வந்து மாதவியின் தோளைப் பிடித்து இழுத்தான்.

அவள் எழவில்லை. அவன் காதருகே ரகசியம் போலச் சொன்னாள்.

"மெதுவாண்ணே... இப்பத்தான் தூங்குனாரு."

*

வெயிலில் உட்கார வைத்தார்கள். மாதவியின் உதடு நீலமாக இருந்தது. அவளைச் சுற்றி நின்ற மூவரும் நடுங்கினார்கள். அவள் நடுங்கவில்லை. பையைக் குரு வெளியே இழுத்துப் போட்டான். அவள் படுத்திருந்த இடது பக்கம் உலர்ந்திருந்தது. வலது பக்கத்து உள்துணியில் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது.

நான்கு டேக்கைக் கழற்றினார்கள். தங்கமணி பலகையைப் பார்த்தார்.

"இன்னொரு ஆள் எங்க?"

"நாலு பேர்தான் அங்கிள்."

"அஞ்சுன்னு சொன்னியே."

"அது சுகு இருந்தப்போ அங்கிள்..."

அவர் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காலி அறை. திரும்பி வந்து ஐந்தாம் நம்பர் டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

காரில் ஏறும் முன் குரு சொன்னான். "மாதவி, நீ வர வேணாம்."

"நான்தானே கடைசிவரைக்கும் இருந்தேன்? எனக்குக் குளிரவே இல்லண்ணே."

"அதான் பயமா இருக்கு. நடுங்குறவனை நான் காப்பாத்திருவேன். குளிரே தெரியாதவங்களை எப்படிக் காப்பாத்துறது? டப்பாவைக் குடு. நான் கொண்டுபோய்க் கரைக்கிறேன்."

அவள் கொடுக்கவில்லை. அழவும் இல்லை.

*

அடுத்த ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மதியக் கூட்டம். மேலே சுற்றுகிற காற்றாடி அனலை வாரி இறைத்தது. கூடாரங்களை முடிவு செய்யக் கூடியிருந்தார்கள். மாதவியைக் கூப்பிடவில்லை. ஆனாலும் வந்து உட்கார்ந்தாள். போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

தங்கமணி அப்போதுதான் உள்ளே வந்தார். சாப்பிட வரவில்லை.

"அங்க யாராச்சும் செத்துருக்காங்களா அங்கிள்? நேராச் சொல்லுங்க," என்றான் யுகேந்திரன். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"ஒருத்தரும் இல்ல. நான் இருபது வருசமா இருக்கேன். அடி பட்டதுகூடக் கிடையாது."

தண்ணீர் குடித்தார்.

"ஆனா அஞ்சாம் நம்பர் பக்கிரிசாமியோடது. மன்னார்குடிப் பக்கத்து ஆளு. வேலை பெர்மிட்ல வந்து ஏழு வருசம் அந்த ரூம்ல வேலை செஞ்சான். கடைசியில குளிர் உடம்புலயே தங்கிருச்சு. வெயில்ல நிக்க வச்சாலும் நடுங்குவான். டாக்டருக்கு ஒண்ணும் புடிபடல. போன வருசம் ஊருக்கு அனுப்பி வச்சோம்."

"இப்ப?"

"நீங்க வந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவன் சம்சாரம் போன் பண்ணுச்சு. அன்னிக்குத்தான் போயிட்டானாம். அக்கினி நட்சத்திர வெயில்ல மூணு கம்பளி போத்திக்கிட்டு. காலையில பத்தரை மணிக்கு."

குரு மனதுக்குள் கணக்குப் போட்டான். இந்தியா இரண்டரை மணி நேரம் பின்னால். பத்தரை என்றால் இங்கே...

சரியாக ஒரு மணி.

"இன்னொண்ணும் சொல்லுச்சு," என்றார் தங்கமணி. "படுத்த படுக்கையா கெடந்தப்பல்லாம், குளுருது, நகருங்க, இடம் குடுங்கன்னு அனத்திக்கிட்டே இருந்தானாம். பக்கத்துல ஆளே இருக்காதாம். சாகறதுக்கு நாலைஞ்சு நிமிசம் முன்னால நடுக்கம் நின்னுருச்சாம். முகம் தெளிஞ்சிருச்சாம். சிரிச்சானாம்."

"சிரிச்சானா?"

"'ஒரு அக்கா நகந்து குடுத்துட்டாங்க'ன்னு சொன்னானாம். அதோட சரி. யாரு அந்த அக்கா, உங்களுக்குத் தெரியுமான்னு அது என்னைக் கேக்குது. நான் என்னன்னு சொல்ல?"

யாருக்கும் எதுவும் புரியவில்லை.

மாதவிக்கு மட்டும் புரிந்தது.

இலையில் சோறு ஆவி பறந்தது. அவள் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டாள். கையில் ரோமம் குத்திட்டு நின்றதை விஷ்ணுப்ரியா பார்த்தாள். முப்பத்து நான்கு டிகிரி வெக்கையில் மாதவியின் பற்கள் மெல்ல அடித்துக்கொண்டன.

"குளிருதுண்ணே," என்றாள்.

பத்து மாதத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. குரு அவளையே பார்த்தான்.

"இப்ப எனக்குக் குளிர் தெரியுது. நடுங்குறேன், பாருங்க. நீங்க சொன்ன காரணம் போயிருச்சு. நான் ஏரிக்கு வரேன்."

அவன் தலையை ஆட்டினான்.

"சரி. ரெண்டு டென்ட் சொல்லிடுறேன். நானும் யுகேனும் ஒண்ணு. நீயும் விஷ்ணுப்ரியாவும் ஒண்ணு."

"மூணு சொல்லுங்க."

"மூணு எதுக்கு?"

மாதவி பெஞ்சில் வலது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தனியா ஒண்ணு வேணும்," என்றாள். "ரெண்டு பேர் படுக்கிற அளவுக்கு."