மண்பாதையில் திரும்பிய லோரி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஒரே பெரிய வேலைநிறுத்தத்தை முறித்தது என் அப்பா ஓட்டிய லோரிதான்.

அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு அம்மாவோடு கொழுந்தெடுக்கத் தொடங்கியிருந்தேன். அப்பா கொழுந்து மூட்டைகளை ஆலைக்குக் கொண்டுபோகும் ஓட்டுநர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். பாட்டன் காலத்திலிருந்து இந்த மலையிலேயே உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று கேட்டுத்தான் வேலையை நிறுத்தினோம். பெண்களெல்லாம் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் சாலையை மறித்து உட்கார்ந்தோம்.

நிர்வாகம் வெளியாட்களை வைத்துக் கொழுந்தெடுத்தது. மற்ற ஓட்டுநர்கள் அதை லோரியில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். தோட்ட மேலாளரான துரை அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

அன்று மதியம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்த லோரி எங்கள் முன்னால் நின்றது. அம்மா எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குங்க."

"எறங்குனா இன்னிக்கே வீட்ட காலி பண்ணணுமாம். தொர சொல்லிட்டாரு. பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போறது?"

"நாங்களும் வீட்டுக்குத்தானே ஒக்காந்திருக்கோம்? கொஞ்சம் பொறுங்கலா."

 அப்பா லோரியைப் பின்னால் எடுத்து, முட்டைக்கோஸ் தோட்டத்தை ஒட்டிய மண்பாதையில் திருப்பினார். நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் ஆலை வாசலைத் தாண்டிவிட்டார். மறுநாள் இன்னொரு லோரி கிளம்பியது. அந்த வாரக் கடைசியில் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறினோம். கேட்டது எதுவும் கிடைக்கவில்லை.

அம்மா சண்டை போடவில்லை. சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுத்தாள். ஆனால் அந்த லோரியில் மட்டும் அதன் பிறகு ஏறவே இல்லை. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் மழையில் நின்று பஸ் பிடிப்பாள். கோயில் திருவிழாவில் அப்பா பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அம்மா போய் உட்காருவாள், பேச மாட்டாள்.

அப்பாவுக்கு ஓய்வு வயது வந்ததும் அவரையும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கல்யாணமாகி, பக்கத்து ஊரான திரிங்காப்பில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அவர்களை அழைத்துவரப் போனேன். கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா, தலை நிமிராமல் சொன்னார்: "அன்னிக்கே எறங்கியிருக்கணும்."

"இப்ப சொல்லி என்னா செய்ய? அந்தப் பக்கத்தப் புடிங்க," என்றாள் அம்மா.

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் லைன் வீடுகளில் இப்போது பங்களாதேஷிலிருந்து வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அப்பா இறங்கியிருந்தால் துரை வீடு கொடுத்திருப்பாரா என்று அண்மையில் அம்மாவிடம் கேட்டேன்.

"குடுத்திருக்க மாட்டாருலா," என்றாள். "ஆனா ஒங்கப்பா எங்ககூட ஒக்காந்திருப்பாரு."